கூச்சம் இருக்க மட்டும் கடைக்காரனுக்குக் கொண்டாட்டம்

மருந்துக் கடையில காய்ச்சல் மாத்திரை கேட்டா கையிலேயே குடுப்பான். சர்க்கரை மாத்திரை கேட்டா, "கவர் வேணுமாக்கா?"ம்பான். பொம்பளைக்கு 'அந்த இடத்துக்கு' ஏதாச்சும் வாங்கினா மட்டும் பழைய பேப்பர்ல சுத்தி, ரப்பர் பேண்டு போட்டு, கறுப்புக் கவர்ல இறக்கி, மூஞ்சியப் பாக்காம நீட்டுவான். வாங்குதவளும் மீதிச் சில்லறையை எண்ணாம ஓடியாந்துருவா. ஏட்டி, அந்த எண்ணாத சில்லறையிலதான் ஒரு பெரிய யாவாரமே ஓடிக்கிட்டிருக்கு.

நான் கிராம சுகாதார நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. தடுப்பூசிப் பெட்டியை சைக்கிள்ல கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போனவ. இந்தச் சுத்துவட்டாரத்துப் பொம்பளைக ரகசியத்துல பாதி என் ரெஜிஸ்டர்ல கெடக்கு, மீதி என் வயித்துக்குள்ள கெடக்கு. அதனால நீ அந்த ரோஸ் கலர் டப்பாவை என்கிட்ட மறைக்க வேண்டாம். 'பெண்மைக்கான புரோபயாடிக்', முப்பது காப்சூல், ஆயிரத்துச் சொச்சம் ரூவா. மேல ஒரு தாமரைப் பூ படம். உள்ளே என்ன பூச்சி இருக்குன்னு பொடி எழுத்துல, பூ எப்படி இருக்குன்னு பெரிசா. பைய உக்காரு, ஒண்ணொண்ணாச் சொல்லுதேன்.

மொதல்ல ஒரு பழைய பொய்யை அடக்கம் பண்ணிருவோம். எங்க காலத்துல வெள்ளைப்பட்டா "எலும்பு உருகிப் போவுது"ம்பாவ. மாமியாக்காரி "உடம்புச் சூடு"ன்னு ஒரு செம்பு வெந்தயத் தண்ணியை நீட்டுவா. எலும்பு உருகி அந்த வழியா வாரதுன்னா எங்க தெருவுல முக்காவாசிப் பேரு இந்நேரம் பாயில சுருட்டி வைக்கிற பதத்துல இருக்கணும். அவளுகதான் இடுப்புல ஒரு குடம், தலையில ஒரு குடம்னு ரெண்டு மைல் தண்ணி சுமந்தாளுக. உருகின எலும்புக்கு அம்புட்டுப் பலமா?

வயசுக்கு வந்த பிள்ளைக்கு வெள்ளைப்படுதது அன்னாடம் நடக்குத சங்கதி. ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள்ள இருக்கும். மாசத்து நடுவுல, சூலகத்துல முட்டை வெடிக்கிற நாளுல, தெளிவா, நூலா இழுபடும். தீட்டுக்கு முன்னால கெட்டியா வெளுத்திருக்கும். பிள்ளை உண்டாயிருந்தா கொஞ்சம் கூடும். நாத்தம் இல்ல, அரிப்பு இல்ல, எரிச்சல் இல்லேன்னா அது நோயே இல்ல. ஆனா நோயில்லாதவளுக்கு மருந்து விக்கிறதுதான் யாவாரத்துல ரொம்ப லாபம். அவளுக்கு மருந்து பலிக்கலேன்னு யாரும் புகார் சொல்ல முடியாதுல்லா?

கோவாவுல 18 வயசுல இருந்து 50 வயசு வரைக்கும் சுமார் 2,500 பொம்பளைகளைக் கேட்டு, பரிசோதனையும் பண்ணி, 2005-ல ஒரு ஆய்வு அச்சாச்சு. வெள்ளைப்படுதுன்னு வருத்தப்பட்டவளுகளைப் பாத்தா, கிருமியைவிட மனச்சோர்வும் கவலையும்தான் அந்த வருத்தத்தோட கூட ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. நான் சைக்கிள் மிதிச்ச காலத்துலயே இது எனக்குத் தெரியும். "அசதியா இருக்குக்கா"ன்னு சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டாவ. "வெள்ளைப்படுதுக்கா"ன்னு சொன்னா ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போவாவ. அந்தப் பிள்ளைக்குக் காப்சூல் எதுக்கு? வாரத்துல ஒரு நாளு அடுப்பங்கரையை மாமனாரு பாத்துக்கிட்டாப் பாதி குணமாயிரும். மீதிக்கு அவ பேச்சை ஒரு ஆளு உக்காந்து கேக்கணும்.

இப்ப அங்கன நடக்குத சோலியைச் சொல்லுதேன். டாக்டர் யோனின்னு எழுதுவா, நானும் அப்படியே சொல்லுதேன், காதைப் பொத்தாதே. வயசுக்கு வந்ததும் சூலகத்துல சுரக்குத ஈஸ்ட்ரோஜன், யோனிச் சுவர்ல கிளைக்கோஜன்னு ஒரு மாவுச் சத்தைச் சேத்து வைக்கும். அது உடைஞ்சு வாரதைத் தின்னு லாக்டோபேசில்லஸ்னு ஒரு பாக்டீரியாக் குடும்பம் பிழைக்குது. தின்ன சோத்துக்கு வாடகையா லாக்டிக் அமிலத்தை விட்டுட்டுப் போவும். தயிரு புளிக்கிதுல்லா, அதே அமிலம்தான். அதனால பி.ஹெச்.ங்காவளே, அந்த அளவு 3.8-ல இருந்து 4.5 வரைக்கும் நிக்கும். அந்தப் புளிப்புல கெட்ட கிருமி தலையெடுக்காது. 1892-ல ஆல்பர்ட் டோடர்லைன்னு ஒரு ஜெர்மன் டாக்டர், பிள்ளை பெத்தவளுகளுக்கு வார ஜன்னிக் காய்ச்சல் எதனாலன்னு தேடப்போயி, இந்தப் பூச்சியை எழுதி வச்சாரு. ஒரு ஆம்பிளை கண்டு எழுதி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம வீட்டு ஆம்பிளைகளுக்குத்தான் சேதி இன்னும் வந்து சேரல.

இதுல நீ பெருமைப்பட ஒண்ணு இருக்கு. பாலூட்டுத சாதியில பலதைச் சோதிச்சுப் பாத்துட்டாவ. இம்புட்டுப் புளிப்பு, இம்புட்டு லாக்டோபேசில்லஸ், மனுஷிக்கு மட்டும்தான். நம்ம தொழுவத்து லட்சுமிக்குக் கூடக் கிடையாது. அவளுக்கு யாரும் காப்சூல் விக்கவும் வரல, அவ கன்னு போடாமலும் இல்ல.

அந்தக் குடும்பத்துல நாலு பேரு முக்கியம்: கிரிஸ்பேட்டஸ், காசெரி, ஜென்சனி, இனர்ஸ். இதுல கிரிஸ்பேட்டஸ் கெட்டிக்காரி, வந்தவனை வாசலோட அனுப்பிருவா. இனர்ஸ் யாரு வந்தாலும் ஒத்துப்போற சாதி. 2011-ல வட அமெரிக்காவுல நோய் நொடி தெரியாத 396 பொம்பளைகளைப் பாத்தாவ. கிட்டத்தட்ட கால்வாசிப் பேருகிட்ட இந்த நாலு பேருல ஒருத்தி கையும் ஓங்கல, கலப்படக் குடித்தனம்தான். ஆனாலும் அவளுக சொகமாத்தான் இருந்தாளுக. அதனால, "உங்க கிருமிக் கணக்கைச் சோதிச்சுச் சொல்லுதோம், பணத்தைக் கட்டுங்க"ன்னு எவனாவது வந்தா, உனக்குத் தொந்தரவு இருக்கா இல்லையாங்கிறதை மொதல்ல நீயே உங்கிட்ட கேட்டுக்கோ. அதுக்குச் செலவு கிடையாது.

இப்ப நீ கேப்பே: "ஆச்சி, தயிரும் புளிப்பு, இதுவும் புளிப்பு. தயிரு தின்னாப் போதாதா?" நல்ல கேள்விதான். தயிர்ல இருக்கிறவ வேற, அங்கன இருக்கிறவ வேற. கடைத் தயிரை உறைய வைக்கிறது பல்காரிக்கஸும் தெர்மோஃபிலஸும். வீட்டுத் தயிர்ல என்ன இருக்கும்ங்கிறது உறையைப் பொறுத்து, வீட்டைப் பொறுத்து மாறும். கிரிஸ்பேட்டஸுக்கும் உன் தயிர்ச் சட்டிக்கும் சம்பந்தமே இல்ல. ஒரே சாதிப் பேரு இருக்குன்னு எல்லாரும் சொந்தக்காரங்க ஆயிருவாவளா?

தயிருக்கு இம்புட்டுப் பேரு வாங்கிக் குடுத்தவரு மெச்னிகாஃப்னு ஒரு ரஷ்யாக்காரரு. பாரிஸ்ல பாஸ்டர் நிலையத்துல இருந்தாரு, 1908-ல நோபல் பரிசு வாங்கினாரு. பல்கேரியாக்காரங்க புளிச்ச பாலு குடிச்சு நூறு வயசு இருக்காங்கன்னு நம்பி, தானும் அன்னாடம் குடிச்சாரு. 71-ல போய்ச் சேந்துட்டாரு. பழைய சோறும் மோரும் குடிச்சு வளந்த நான் அந்த வயசைத் தாண்டி இன்னும் உன் உசிரை வாங்கிக்கிட்டிருக்கேன். மோரு வயித்துக்கு நல்லது, வெயிலுக்கு நல்லது, குடி. அது வயித்தோட வேலையைப் பாக்கட்டும். அடுத்த வீட்டு வேலையையும் அது தலையில கட்டாதே.

தயிரை வச்சு ஆராய்ச்சியும் நடந்திருக்கு. 1992-ல அமெரிக்காவுல அடிக்கடி பூஞ்சை வந்த 33 பொம்பளைகளை வச்சுப் பாத்தாவ. அசிடோஃபிலஸ் சேத்த தயிரு ஆறு மாசம், தயிரே இல்லாம ஆறு மாசம்னு கணக்கு. தயிரு தின்ன காலத்துல நோய் நல்லாக் குறைஞ்சுது. ஆனா கடைசி வரைக்கும் நின்னது 13 பேருதான். மொதல்ல தயிரு கிடைச்சவள்ல எட்டு பேரு "நிறுத்த மாட்டோம்"னு அடம்பிடிச்சுட்டாளுகளாம். அந்த எட்டு பேரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா அவளுக அடத்தை வச்சு மருந்துச் சீட்டு எழுத முடியாதுல்லா? 2004-ல ஆஸ்திரேலியாவுல இதைவிடப் பெரிசா, ஆன்டிபயாட்டிக் தின்னுத 235 பொம்பளைகளை வச்சுப் பாத்தாவ. லாக்டோபேசில்லஸை வாயில குடுத்தும் பாத்தாவ, யோனியில வச்சும் பாத்தாவ. பூஞ்சையைத் தடுக்கல. பலனே தெரியலேன்னு பாதியில நிறுத்திட்டாவ.

"அப்பத் தயிரை அங்கனயே தடவிரட்டா?" அட கோட்டி! கடைத் தயிருன்னா சிலதுல சர்க்கரை கலந்திருப்பான். வீட்டுத் தயிருன்னா எவன் கை பட்டுச்சோ, எந்தக் கரண்டி பட்டுச்சோ. பூண்டு, வேப்பிலை, எலுமிச்சைன்னு வெஞ்சனத்துக்கு வாங்கினதையெல்லாம் உள்ள வைக்காதே. எரிஞ்சுபோயி வந்த பிள்ளைகளை நான் பாத்திருக்கேன். சமையக்கட்டு சமையக்கட்டாவே இருக்கட்டும்.

அடுத்தது கழுவுத சங்கதி. யோனி தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கிடும், அந்த வெள்ளையே அதுக்குத்தான். நம்ம சோலி வெளிப்பக்கத்தோட சரி: வெறும் தண்ணி, முன்னால இருந்து பின்னால. குளிக்கிற சோப்பு பி.ஹெச். 9, 10-னு நிக்கும். 4-ல இருக்குத எடத்துல அதைக் கொண்டு போயி நுரைக்க விட்டா புளிப்பு எங்கன நிக்கும்? உள்ளே தண்ணியைப் பீச்சிக் கழுவுதது அதைவிட மோசம். திருடனோட காவக்காரியையும் சேத்து வெளிய தள்ளிட்டு, கதவையும் திறந்து வச்ச கதை.

அமெரிக்காவுல 1920-கள்ல இருந்து 1950-கள் வரைக்கும் லைசால்ங்கிற கிருமிநாசினியைப் பொம்பளைகளோட உள் சுத்தத்துக்குன்னு விளம்பரம் பண்ணி வித்தான். இப்பக் கக்கூஸ் தரைக்கு ஊத்துதாவளே, அந்தப் பேருதான். "சுத்தமில்லேன்னா புருஷன் முகங்கொடுக்க மாட்டான்"னு பயமுறுத்தித்தான் வித்தான். நம்மூரு டிவியிலயும் 2012-ல ஒரு கழுவல் வந்துச்சு, அந்த இடத்தை வெளுப்பாக்குமாம். ஏட்டி, அங்கன யாரு டார்ச்சு அடிச்சுப் பாத்து மார்க் போடுதா? மூஞ்சிக்கு வெளுப்பு வித்து முடிஞ்சிட்டு, கைக்கு வித்து முடிஞ்சிட்டு, விக்க வேற இடம் இல்லாமப் போச்சு. அம்புட்டுத்தான் சேதி.

சரி, நிசமாவே நோய்னா எப்படி இருக்கும்? மூணு வகையைச் சொல்லுதேன், முந்தானையில முடிஞ்சு வச்சுக்கோ.

ஒண்ணு, சாம்பல் நிறமா, நீத்துப்போயி வரும். மீன் வாடை அடிக்கும், புருஷனோட இருந்த பொறவு வாடை தூக்கலாத் தெரியும். அரிப்பு அம்புட்டு இருக்காது. இதுக்குப் பேரு பாக்டீரியல் வெஜினோசிஸ். புளிப்புக் குடும்பம் இளைச்சுப்போயி, கார்ட்னெரெல்லாவும் கூட்டாளிகளும் குடியேறினா வாரது. பி.ஹெச். 4.5-ஐத் தாண்டிரும்.

ரெண்டு, திரிஞ்ச பாலு மாதிரிக் கட்டி கட்டியா, வெள்ளையா வரும். வாடை இருக்காது. ஆனா அரிப்புன்னா அரிப்பு, உக்கார விடாது. ஒண்ணுக்குப் போனா எரியும். இது கேண்டிடாங்கிற பூஞ்சை. இதுல பி.ஹெச். பெரும்பாலும் மாறாது, அதனால புளிப்பைக் கூட்டுதேன்னு வார சாமானுக்கு இங்கன சோலியே இல்ல. ஆன்டிபயாட்டிக் தின்ன பொறவு வரும், பிள்ளை உண்டாயிருக்கும்போது வரும். திரும்பத் திரும்ப வந்தா ரத்தத்துல சர்க்கரையைப் பாரு. எத்தனையோ பேருக்கு அரிப்புக்குன்னு வந்த எடத்துலதான் சர்க்கரை இருக்கிறதே தெரிஞ்சிருக்கு.

மூணு, மஞ்சளும் பச்சையுமா, நுரைச்சு, நாத்தத்தோட வரும். இது டிரைக்கோமோனாஸ்ங்கிற ஒட்டுண்ணி, கூடிப் படுக்கிறதுல தொத்துதது. இதுக்கு ரெண்டு பேரும் சேந்து மருந்து தின்னாகணும்.

மருந்துக் கடையில நீயா ஒண்ணை ஊகிச்சு வாங்குதே. பூஞ்சைக்குக் குடுக்கிறது பாக்டீரியாவைத் தொடாது, பாக்டீரியாவுக்குக் குடுக்கிறது சில சமயம் பூஞ்சையை வளத்துவிடும். அரசாங்க ஆஸ்பத்திரியில இதுக்கு மருந்து காசில்லாமக் கெடக்கு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல நோய்க்கு ஒரு நிறமாப் பொட்டலம் வச்சிருக்காவ. யோனி அழற்சிக்குப் பச்சை: உள்ளே செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம். தாமரைப் பூ படம் எதுவும் இருக்காது. பிள்ளை உண்டாயிருந்தா இந்தப் பொட்டலம் ஆகாது, டாக்டர் வேற குடுப்பா. அதை மறைக்காமச் சொல்லு.

இன்னொண்ணு. அடிவயித்துல வலி, காய்ச்சல், புருஷனோட இருந்த பொறவு ரத்தம், தீட்டு நின்னுபோனவளுக்குத் திரும்ப ரத்தம்: இதுல ஒண்ணு இருந்தாலும் ஆச்சி பேச்சைக் கேட்டுக்கிட்டு உக்காராதே, அன்னைக்கே டாக்டரைப் பாரு. 30 வயசு தாண்டினா ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பண்ணுவாவ. பொங்கலுக்கு வெள்ளையடிக்க மறக்காதவ இதையும் மறக்கக் கூடாது.

இனி உன் ரோஸ் டப்பாவுக்கு வருவோம். அதைச் சுத்தப் பித்தலாட்டம்னு நான் சொல்ல மாட்டேன். வெஜினோசிஸுக்கு மெட்ரோனிடசோல் குடுத்தா நோய் போவும். ஆனா ஆஸ்திரேலியாவுல தொடந்து பாத்ததுல, பாதிக்கு மேல பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வந்துட்டு. ஏன்? களையை மருந்தடிச்சுக் கொன்னாச்சு, பயிரை நட்டியா? நடல. தரிசாக் கெடக்குத வயக்காட்டுல மொதல்ல முளைக்கிறது களைதானே. அப்பப் பயிரையும் நட்டுப் பாத்தா என்னன்னு அமெரிக்காவுல யோசிச்சாவ. கிரிஸ்பேட்டஸ்லயே சி.டி.வி-05னு ஒரு குறிப்பிட்ட ரகத்தைப் பொடியாக்கி, 228 பொம்பளைகளை வச்சுச் சோதிச்சாவ. மொதல்ல மெட்ரோனிடசோல், பொறவு சில பேருக்கு அந்தப் பொடி, சில பேருக்கு வெறும் பொடி. 2020-ல முடிவு வந்துச்சு: பன்னெண்டு வாரத்துக்குள்ள நோய் திரும்பினது பொடி வச்சவளுகள்ல 30 சதவீதம், வெறும் பொடிக்காரிகள்ல 45 சதவீதம். நல்ல சேதிதான். ஆனா நல்லாக் கவனி. அது வாயில முழுங்குத காப்சூல் இல்ல, யோனிக்குள்ளயே வச்ச பொடி. அதுவும் மருந்து குடுத்து நோயை அடக்கின பொறவு வச்சது. உன் டப்பாவுல கிரிஸ்பேட்டஸ் பேரே இல்லியே பிள்ளே.

வாயில முழுங்கினா அது அங்கன எப்படிப் போவும்னு கேட்டா அதுக்கும் ஒரு கணக்கு வச்சிருக்காவ. கனடாவுல கிரெகர் ரீட், ஆண்ட்ரூ புரூஸ்னு ரெண்டு பேரு ஜி.ஆர்-1, ஆர்.சி-14னு ரெண்டு ரகத்தை வச்சு ரொம்ப காலமாப் பாத்துட்டு வந்தாவ. முழுங்கினது குடல் வழியா இறங்கி, பின்வாசல்ல வந்து, பக்கத்து வாசலுக்கு நடந்து போகும்ங்காவ. ரெண்டு வாசலும் பக்கம் பக்கம்தான், போவாதுன்னு சொல்ல முடியாது. ஆனா சில ஆய்வுல பலன் தெரிஞ்சுது, சிலதுல தெரியல. அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல எழுதின சிகிச்சை நெறியில, கடையில கிடைக்குத லாக்டோபேசில்லஸ் சாமான்களை வெஜினோசிஸுக்குத் துணை மருந்தாவோ மாத்து மருந்தாவோ சொல்ல ஆதாரம் இல்லேன்னு வச்சுட்டாவ.

அதனால டப்பாவைத் திருப்பிப் பாக்கப் பழகு. கத்திரிக்கா வாங்குததுக்கு நாலு கடை ஏறி, காம்பைக் கிள்ளிப் பாக்குதவதானே நீ? குடும்பப் பேரு மட்டும் போட்டிருக்கா, ரகத்தோட எண்ணும் போட்டிருக்கா? ஒரு நாளைக்கு எத்தனை உயிருள்ள பாக்டீரியா? நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல போட்ட விதியில ஒரு நாள் அளவுல குறைஞ்சது 10 கோடி இருக்கணும். அந்த எண்ணிக்கை செஞ்ச அன்னைக்கா, காலாவதி ஆகுத அன்னைக்கா? குளிர்பெட்டியில வைக்கணும்னா கடைக்காரன் எங்கன வச்சிருந்தான், வெயில் அடிக்கிற கண்ணாடி அலமாரியிலயா? எந்த நோய்க்கு, யாரு மேல சோதிச்சான்? அந்த ஆணையத்தோட லைசென்ஸ் எண் இருந்தா அது சத்துணவுக் கணக்குல விக்கிற சாமான், நோயைக் குணமாக்குத மருந்து இல்லேன்னு அர்த்தம். சொகமா இருக்கிற உடம்புக்குப் பெரும்பாலும் கெடுதல் செய்யாது. எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைஞ்சவளோ, புற்றுநோய்க்கு வைத்தியம் பாக்குதவளோ மட்டும் டாக்டரைக் கேக்காம முழுங்கக் கூடாது.

வாரும் மாப்ளே, அங்கன கதவுக்குப் பின்னால நின்னு ஒட்டுக் கேக்கிறதுக்கு இங்கன வந்து உக்காரும். உமக்கும் ஒரு சேதி இருக்கு. வெஜினோசிஸ் பொம்பளை சமாச்சாரம்னு இம்புட்டு நாளும் ஆம்பிளை காலை நீட்டிக்கிட்டு இருந்தீரு. மெல்போர்ன்காரங்க 164 ஜோடியை வச்சு ஒரு சோதனை பண்ணி 2025-ல வெளியிட்டாவ. பாதி ஜோடியில பொம்பளைக்கு மட்டும் மருந்து. மீதிப் பாதியில புருஷனுக்கும் ஏழு நாளு மெட்ரோனிடசோல் மாத்திரை, கூடவே கிளிண்டமைசின் களிம்பு. எங்கன தடவணும்னு நான் சொல்லணுமா? பன்னெண்டு வாரத்துல நோய் திரும்பினது, அவ மட்டும் மருந்து தின்ன வீட்டுல 63 சதவீதம். ரெண்டு பேரும் தின்ன வீட்டுல 35 சதவீதம். வித்தியாசம் அம்புட்டுத் தெளிவா இருந்ததால சோதனையையே முன்கூட்டி முடிச்சிட்டாவ. கணக்குப் போட்டுப் பாரும் மாப்ளே: அவ ஆயிரத்துச் சொச்சம் ரூவா காப்சூலு முழுங்கினதைவிட, நீரு ஏழு நாளு மூஞ்சியைச் சுளிக்காம மாத்திரை முழுங்கினா வீட்டுக்குப் புண்ணியம். திரும்பத் திரும்ப வந்தா டாக்டர்கிட்ட அவளைத் தனியா அனுப்பாதேயும், கூடப் போயி "எனக்கும் குடுக்கணுமா?"ன்னு வாயத் திறந்து கேளும். கலியாணப் பத்திரிகையில ரெண்டு பேரு பேரும்தானே போட்டிருந்துது?

எங்களை மாதிரிக் கிழவிகளையும் விட்டுராதிய. தீட்டு நின்னா ஈஸ்ட்ரோஜன் குறையும், கிளைக்கோஜன் குறையும், தீனி இல்லாம லாக்டோபேசில்லஸும் மூட்டையைக் கட்டிரும். எரியும், வறளும், மூத்திரக் கடுப்பு மாசத்துக்கு மாசம் வரும். "வயசாச்சு, அப்படித்தான்"னு சொல்லி ஒரு டம்ளர் இளநியைக் கையில குடுத்துட்டுப் போயிருவிய. 1993-ல இஸ்ரேல்ல 93 கிழவிகளை வச்சுப் பாத்தாவ. எஸ்ட்ரியால்னு ஒரு ஹார்மோன் களிம்பை யோனியில வச்சவளுகள்ல 61 சதவீதம் பேருக்கு ஒரே மாசத்துல அந்தப் பழைய குடும்பம் திரும்பி வந்து குடியேறிட்டு. வெறும் களிம்பு வச்சவளுகள்ல ஒருத்திக்குக்கூட வரல. மூத்திரத் தொற்று வெறும் களிம்புக்காரிகளுக்கு வருஷத்துக்கு ஆறு தடவை கிட்ட வந்துது, ஹார்மோன் களிம்பு வச்சவளுகளுக்கு ஒரு தடவைக்கும் குறைவு. கவனிச்சியா? பூச்சியைக் காசு குடுத்து வாங்கி உள்ளே விடல. அது வாழுததுக்குத் தோதைச் செஞ்சு குடுத்தாவ, அதுவே வந்துட்டு. மார்புப் புற்றுநோய் வந்தவ மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் இதைத் தொடணும்.

இம்புட்டுக்கும் அடியில கெடக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அவன் விக்கிறது காப்சூலும் இல்ல, கழுவலும் இல்ல. உன் கூச்சத்தை வாங்கி, விலை ஏத்தி, உனக்கே திருப்பி விக்கான். வாயத் திறந்து, "எனக்கு இங்கன அரிக்கி, இந்த நிறத்துல வருது, இத்தனை நாளாச்சு"ன்னு டாக்டர்கிட்ட மூணு வரி சொல்லிட்டேன்னா அவன் யாவாரத்துல பாதி படுத்துரும். உன் மவ வயசுக்கு வந்தா, புட்டுச் சுத்தி, மஞ்சத் தண்ணி ஊத்தி, மைக்செட்டு போட்டு ஊருக்கே சொல்லுதே. அந்தப் பிள்ளைகிட்ட மட்டும் எது நோய், எது நோயில்லேன்னு சொல்ல வாய் வராது. மைக்கு வேண்டாம், காதுக்குள்ளயாவது சொல்லு.

உடம்பைப் பத்தி எதையும் வீட்டாள்கிட்ட மறைக்கக் கூடாது, தெரியுதா? சரி, ஆச்சிக்கு ஆலோசனை ஃபீஸு. அந்த டப்பாவைத் திருப்பிக் குடுத்துட்டு வார பணத்துல எனக்குக் கால் கிலோ அல்வா வாங்கியா. போன வாரம் சோதிச்சதுல சர்க்கரை இருநூத்தைம்பதுக்கு மேல நிக்கிது. அது மட்டும் உங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.